நிரல் திறந்தது, ஃபோன் திறக்கவில்லை

2012 செப்டம்பர் 13 அன்று ஷாங்காயில் ஏசர் நிறுவனம் ஒரு புதிய ஃபோனை அறிமுகப்படுத்த இருந்தது. அதில் இருந்தது அலிபாபா உருவாக்கிய 'அலியுன்' என்ற இயங்குதளம். கடைசி நேரத்தில் நிகழ்ச்சி ரத்தானது. கூகுள் கொடுத்த நெருக்கடியே காரணம் என்றது அலிபாபா. இந்த ஃபோனை வெளியிட்டால் ஆண்ட்ராய்டு தொடர்பான ஒத்துழைப்பு நின்றுவிடும் என்று ஏசருக்குச் சொல்லப்பட்டதாம். அப்போது ஆண்ட்ராய்டுக்குத் தலைவராக இருந்த ஆண்டி ரூபின் வெளிப்படையாகவே பதில் தந்தார். அலியுன் என்பது ஆண்ட்ராய்டிலிருந்து எடுத்து, அதனோடு ஒத்துப்போகாதபடி மாற்றிய ஒன்று; ஆண்ட்ராய்டுக் கூட்டணியில் சேர்ந்தவர்கள் அப்படிப்பட்டதை வெளியிடுவதில்லை என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள் என்றார். அலிபாபா அதை மறுத்தது.

யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். ஆண்ட்ராய்டின் மூலநிரலில் பெரும்பகுதி அப்பாச்சி உரிமத்தில் வெளியாகிறது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஏசர் அதைத் தொட்டதற்காக எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. இருந்தும் அந்த ஃபோன் அன்று மேடைக்கு வரவில்லை. உரிமம் அனுமதித்ததை ஒப்பந்தம் தடுத்துவிட்டது. ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் கட்டற்ற மாற்று வருமா என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இன்னொரு இயங்குதளத்தை யாராவது எழுதுவார்களா என்றே யோசிக்கிறார்கள். எழுதியாகிவிட்டது, ஒரு முறையல்ல, பத்துப் பதினைந்து முறை. அவை ஏன் நம் கைக்கு வரவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆண்ட்ராய்டு என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு பொருள்கள். ஒன்று, கூகுள் 2005இல் வாங்கிய சிறு நிறுவனத்தில் தொடங்கி 2008 முதல் வெளியாகிவரும் திறந்த மூலநிரல். லினக்ஸ் கெர்னல், செயலிகளை இயக்கும் அடித்தளம், திரை, அறிவிப்புகள், அமைப்புகள் எல்லாம் அதில் அடக்கம். மற்றொன்று, அதன்மேல் ஒட்டிவைத்த மூடிய அடுக்கு. பிளே ஸ்டோர், வரைபடம், இருப்பிடம் கண்டறிதல், புதுச் செய்தி வந்தால் ஃபோனைத் தட்டி எழுப்பும் சேவை, செயலிக்குள் பணம் வாங்கும் வசதி ஆகியவை எல்லாம் 'பிளே சர்வீசஸ்' என்ற ஒற்றைக் கட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. தொடக்கத்தில் திறந்த பகுதியிலேயே இருந்த நாட்காட்டி, தேடல், இசை, விசைப்பலகை போன்றவற்றுக்கு ஒவ்வொன்றாகக் கூகுளின் சொந்தப் பதிப்பு வந்தது. திறந்த பதிப்பு கவனிப்பாரின்றிக் கிடந்தது. இன்று வெறும் திறந்த மூலநிரலை மட்டும் ஒரு ஃபோனில் போட்டால் அது இயங்கும், அழைக்கும், படம் எடுக்கும். ஆனால் டாக்சிச் செயலியில் வரைபடம் வராது, சில செயலிகளில் செய்தி வந்தது நாமாகத் திறந்து பார்த்தால்தான் தெரியும். செயலி எழுதுகிறவர் ஆண்ட்ராய்டுக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டு கூகுளின் சேவைகளுக்கு எழுதுகிறார். இந்த இடமாற்றம் சத்தமில்லாமல் நடந்தது.

இந்த மூடிய அடுக்கைப் பெற வேண்டுமானால் ஃபோன் தயாரிப்பவர் கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தங்களில் ஒன்றுதான் ஏசரை நிறுத்தியது. ஐரோப்பிய ஆணையம் இதை ஆண்டுக்கணக்கில் விசாரித்து 2018 ஜூலையில் கூகுளுக்கு 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. பிளே ஸ்டோரோடு தேடலையும் குரோமையும் சேர்த்துத் திணித்தது, தேடலை மட்டும் வைக்கப் பணம் கொடுத்தது ஆகிய குற்றச்சாட்டுகளோடு மூன்றாவதாக ஒன்றும் இருந்தது: ஒரு நிறுவனம் எங்கேயாவது ஒரே ஒரு மாடலில் மாற்று ஆண்ட்ராய்டைப் போட்டால்கூட அதன் மற்ற எல்லா ஃபோன்களுக்கும் பிளே ஸ்டோர் போய்விடும் என்ற நிபந்தனை. அமேசானின் 'ஃபயர் ஓஎஸ்' ஃபோன்களைச் செய்யப் பெரிய தயாரிப்பாளர்கள் முன்வராததற்கு இதுவே காரணம் என்று ஆணையம் கண்டது. 2022இல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அபராதத்தை 412.5 கோடி யூரோவாகக் குறைத்தது, தீர்ப்பின் பெரும்பகுதி நின்றது.

இந்தியாவிலும் இதே கதை நடந்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்ததோடு பல கட்டளைகளையும் இட்டது. செய்தித்தாள்கள் தொகையைத்தான் தலைப்பாக்கின. என்னைக் கேட்டால் கட்டளைகள்தான் செய்தி. 2023 மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்துவிட்டு நான்கு கட்டளைகளை நீக்கியது. பிளே சர்வீசஸ் இடைமுகங்களை மற்றவர்களுக்கு மறுக்கக்கூடாது என்பதும், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி நிறுவுவதைத் தடுக்கக்கூடாது என்பதும் அந்த நான்கில் அடங்கும். கட்டற்ற மாற்றுகளுக்கு உயிர் கொடுத்திருக்கக்கூடிய கட்டளைகள் அவை. இதற்கிடையில் 2023 ஜனவரியிலேயே, மாற்று வடிவங்களை உருவாக்க இடம் தரும்படி இந்தியாவுக்கான நிபந்தனைகளைத் தளர்த்துவதாகக் கூகுள் அறிவித்திருந்தது. ஏசரை நிறுத்திய பூட்டு இங்கே காகிதத்திலாவது தளர்ந்தது. இருந்தும் எந்தப் பெரிய நிறுவனமும் மாற்று ஆண்ட்ராய்டோடு கடைக்கு வரவில்லை. அதற்குள் வேறு பூட்டுகள் இறுகியிருந்தன.

ஆண்ட்ராய்டுச் செயலிகளை நம்பாமலே முயன்றவர்களில் மோசில்லாவின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் ஒரு முக்கியமான அத்தியாயம் இந்தியாவில் நடந்தது. 2011இல் அறிவித்து 2013இல் ஸ்பெயினில் முதலில் விற்பனைக்கு வந்த ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்ஸில் செயலி என்பது வலைப்பக்கம்தான். இணையத்துக்கு எழுதத் தெரிந்த எவரும் ஃபோனுக்கு எழுதலாம் என்பது அதன் கனவு. 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் நிறுவனம் 'கிளவுட் எஃப்எக்ஸ்' என்ற ஃபோனை 1,999 ரூபாய்க்கு இங்கே வெளியிட்டது. அந்த விலைக்கு அதுவரை தொடுதிரை ஸ்மார்ட்ஃபோன் கிடையாது. 128 எம்பி நினைவகம், 2ஜி மட்டும். வலைப்பக்கங்களையே செயலிகளாகக் கொண்ட ஒரு ஃபோனை 2ஜி வேகத்தில் கொடுத்தார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய குறை வேறு. வாட்ஸ்அப் இல்லை. மூன்றாம் நபர் யாரோ எழுதிய செயலி வழியாகச் சுற்றி வளைத்துத்தான் வாட்ஸ்அப்புக்குப் போக வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்கு ஃபோன் வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார் என்று எந்த ஃபோன் கடைக்காரரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். 2015 டிசம்பரில் மோசில்லா ஃபோன் விற்பனையிலிருந்து விலகுவதாக அறிவித்தது.

அந்த நிரல் சாகவில்லை. கட்டற்ற மென்பொருளின் நல்ல குணம் அது. அதிலிருந்து கிளைத்த கைஓஎஸ், 2017 ஜூலையில் ரிலையன்ஸ் அறிவித்த ஜியோஃபோனில் ஏறியது. 1,500 ரூபாய் திருப்பித்தரும் வைப்புத்தொகை, எண் பொத்தான்கள், 4ஜி. 2018இல் இந்தியாவில் பயன்பாட்டில் ஐஃபோனை முந்தி ஆண்ட்ராய்டுக்கு அடுத்த இடத்துக்கு கைஓஎஸ் வந்துவிட்டதாகக் கணிப்புகள் கூறின. அதே ஆண்டு கூகுள் அதில் 2.2 கோடி டாலர் முதலீடு செய்தது. செப்டம்பரில் வாட்ஸ்அப்பும் வந்தது. மோசில்லா கெஞ்சியும் கிடைக்காதது, ஜியோ கோடிக்கணக்கான கைகளைக் காட்டியதும் கிடைத்துவிட்டது. ஆனால் ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்ஸின் திறந்த தன்மை அந்தப் பயணத்தில் பாதி வழியிலேயே இறங்கிவிட்டது. ஜியோஃபோன் வைத்திருந்தவர் தான் எழுதிய செயலியைத் தன் ஃபோனில் போட அதில் நேர்வழி இல்லை. வெற்றிபெற்றது மாற்று இயங்குதளம், தோற்றது கட்டற்ற இயங்குதளம். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் குழப்பம். 2021இல் வந்த ஜியோஃபோன் நெக்ஸ்டில் இருந்ததோ ஆண்ட்ராய்டின் ஒரு வடிவம்தான்.

பணம் இருந்தால் நடந்திருக்கும் என்று சொல்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் போதும். நோக்கியாவின் ஃபோன் பிரிவை வாங்கியதில் 2015இல் 760 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது. அந்தக் கதையில் கட்டற்ற மென்பொருளுக்கும் ஒரு பங்கு உண்டு. நோக்கியா இன்டெல்லோடு சேர்ந்து லினக்ஸ் அடிப்படையில் மீகோ என்ற இயங்குதளத்தை வளர்த்துக்கொண்டிருந்தது. 2011 பிப்ரவரியில் தலைமை நிர்வாகி ஸ்டீபன் ஈலாப் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தார். மீகோவோடு வந்த என்9 ஃபோன் மரண தண்டனை அறிவித்த பிறகு பிறந்த குழந்தை. பின்லாந்தில் எடுத்த அந்த முடிவின் வால் ஸ்ரீபெரும்புதூர் வரை நீண்டது. ஃபோன் பிரிவு கைமாறியபோது வரி வழக்கால் அந்த விற்பனையில் சேராமல் நின்றுபோன நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடியது. வேலையிழந்த தொழிலாளர்களில் எத்தனை பேருக்கு மீகோ என்ற பெயர் தெரிந்திருக்கும்? மீகோவை எழுதியவர்களில் சிலர் வெளியேறி ஜோல்லா என்ற நிறுவனத்தைத் தொடங்கி, செயில்ஃபிஷ் என்ற பெயரில் அதைத் தொடர்ந்தார்கள். அதன் திரைப்பகுதி மூடிய நிரலாகவே இருந்தது. சாம்சங் தன் டைசன் இயங்குதள ஃபோன்களை 2015 ஜனவரியில் 5,700 ரூபாய்க்கு இந்தியாவில்தான் தொடங்கியது. சில மாடல்களோடு அதுவும் நின்றது. மாற்று இயங்குதளங்களின் சோதனைக்கூடமாக நம் நாடு இருந்திருக்கிறது என்பதை நாமே அதிகம் கவனிக்கவில்லை.

சரி, செயலிகளே வேண்டாம், அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் உலாவியும் போதும் என்று ஒருவர் இருந்தால்? அவருக்குச் சில்லு குறுக்கே நிற்கும்.

கணினியில் லினக்ஸ் போட்டுப் பழகியவர்களுக்கு ஃபோன் ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறது என்பது புரியாது. கணினியில் எந்தெந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று தொடங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளப் பொதுவான முறை உண்டு. ஃபோனில் கிடையாது. ஒவ்வொரு மாடலிலும் கேமரா எந்த இணைப்பில், மின்கலத்தை அளக்கும் சில்லு எந்த முகவரியில் என்று ஒரு வரைபடத்தை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். சில்லு செய்யும் நிறுவனம் ஒரு குறிப்பிட்ட கெர்னல் பதிப்பை எடுத்து, அதில் ஏராளமாக மாற்றி, கிராஃபிக்ஸ், கேமரா, மோடம் ஆகியவற்றுக்கான டிரைவர்களில் முக்கியப் பகுதிகளை மூலநிரல் இல்லாமல் வெறும் இருமக் கோப்புகளாகத் தருகிறது. சில ஆண்டுகளில் அது அடுத்த சில்லுக்குப் போய்விடும். பழைய கோப்பு பழைய கெர்னலோடுதான் பேசும். ஃபோன் கெட்டுப்போகாமலே கிழடாவது இப்படித்தான்.

இதைக் கடக்க இரண்டு வழிகள் கண்டார்கள். ஆண்ட்ராய்டுக்கென எழுதிய டிரைவர்களை அப்படியே வைத்துக்கொண்டு, சாதாரண லினக்ஸ் அவற்றோடு பேச ஒரு மொழிபெயர்ப்பாளரை நடுவில் உட்காரவைப்பது ஒரு வழி. கார்ஸ்டன் முங்க் 2012இல் வெளியிட்ட லிப்ஹைப்ரிஸ் அதுதான். செயில்ஃபிஷ், உபுண்டு டச் இரண்டும் பெரும்பாலான ஃபோன்களில் அதன் தோளில்தான் நிற்கின்றன. உபுண்டு டச்சைத் தொடங்கிய கனோனிகல் 2017இல் கைவிட்டது. யுபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வக் குழு இன்றும் அதை வளர்க்கிறது. இந்த வழியில் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் மூடிய கோப்பின் ஆயுள்தான் ஃபோனின் ஆயுள். இரண்டாவது வழி கடினமானது. ஒவ்வொரு சில்லின் டிரைவரையும் தோண்டிப் புரிந்துகொண்டு மறுபடி எழுதி, லினக்ஸின் மூல மரத்திலேயே, அதாவது எல்லோரும் பகிரும் பொது நிரலிலேயே, சேர்ப்பது. 2017இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் இதைச் செய்கிறது. ஒரு ஃபோனைப் பத்து ஆண்டுகள் பயன்படுத்த வைப்பது அதன் இலக்கு. ஸ்னாப்டிராகன் 845 சில்லு கொண்ட ஒன்பிளஸ் 6 போன்ற பழைய மாடல்களில் இது வியக்கும் அளவுக்கு முன்னேறியிருக்கிறது. கேமராவுக்கு மட்டும் பெருமூச்சு விட வேண்டும்.

சில்லையே வேறாகத் தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. பியூரிசம் நிறுவனம் 2017இல் பொதுமக்களிடம் 20 லட்சம் டாலருக்குமேல் திரட்டி லிப்ரெம் 5ஐ அறிவித்தது. கார்களிலும் ஆலை இயந்திரங்களிலும் போடும் ஒரு சில்லை அதில் வைத்து, மோடத்தைத் தனி அட்டையாகப் பிரித்து, கேமரா, மைக், வைஃபை, மோடம் ஆகியவற்றை மின்சாரத்தோடு சேர்த்தே துண்டிக்கும் சுவிட்சுகளையும் பொருத்தியது. 2019 ஜனவரியில் தருவதாகச் சொன்ன ஃபோனுக்குப் பலர் அதற்குமேலும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். கையில் வந்தபோது தடித்திருந்தது, சூடானது. பைன்64இன் பைன்ஃபோன் 150 டாலருக்கு வந்தது, அதன் சில்லு அப்போதே பழசு. மோடத்தை ஏன் இப்படித் தனியே பிரிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவம். 2014இல் ரெப்ளிகன்ட் என்ற கட்டற்ற ஆண்ட்ராய்டு திட்டத்தினர், சில சாம்சங் கேலக்ஸி மாடல்களில் மோடத்தோடு பேசும் நிரல், ஃபோனின் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் அழிக்கவும் மோடத்துக்கு வழிவிடுகிறது என்று காட்டினார்கள். அது பின்வாசல் இல்லை என்றது சாம்சங். வாசல் இருந்ததை யாரும் மறுக்கவில்லை.

மோடம் வேறொரு விதத்திலும் காலை வாருகிறது. 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. அதில் குரல் அழைப்பு என்றால் 4ஜி இணைப்பின் வழியே பேசும் வோல்டிஇதான். வோல்டிஇயை நடத்தும் பகுதி பெரும்பாலான ஃபோன்களில் சில்லு நிறுவனத்தின் மூடிய நிரலில் இருக்கிறது, நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் அமைப்பும் மாறும். உபுண்டு டச்சிலோ செயில்ஃபிஷிலோ குறிப்பிட்ட மாடல்களில் மட்டும் இது வேலை செய்யும். மற்றவற்றில் ஜியோ சிம்மைப் போட்டால் இணையம் வரும், 'ஹலோ' சொல்ல முடியாது. இலவச நிமிடங்களோடு வந்த புரட்சி, தன் பாட்டுக்குப் பல மாற்று இயங்குதளங்களின் வாயை அடைத்துவிட்டது. இதற்கு யாரும் திட்டமிடவில்லை.

ஒப்பந்தமும் சில்லும் போக, மூன்றாவது பூட்டை என் சொந்தக் கையாலேயே தொட்டுப் பார்த்தேன். ஏழெட்டு ஆண்டுப் பழைய ஃபோன் ஒன்றுக்குத் தயாரித்தவர்கள் திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அதில் லினேஜ்ஓஎஸ் போட்டேன். 2009இல் ஸ்டீவ் கோண்டிக் தொடங்கிய சயனோஜென்மாட் 2016 இறுதியில் நின்றபோது அதைத் தன்னார்வலர்கள் தொடர்ந்த பெயர் இது. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு வந்தது, மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தம் வந்தது. வங்கிச் செயலியைத் திறந்தேன். 'உங்கள் சாதனம் பாதுகாப்பானதல்ல' என்று மூடிக்கொண்டது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எனக்குப் பழக்கமான பழுதுபார்க்கும் தம்பி ஃபோனைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "ரோம் மாத்திட்டீங்களா சார்? அப்போ பேங்க் ஆப் எதுவும் ஓடாது" என்றான். என் அத்தையிடம் அதே காலத்து ஃபோன் ஒன்று இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக ஒரு திருத்தமும் பார்க்காதது. அதில் அதே செயலி சிரித்த முகத்தோடு ஓடுகிறது.

இது எப்படி நடக்கிறது? செயலி, கூகுளின் 'பிளே இன்டெக்ரிட்டி' சேவையிடம் இந்த ஃபோனை நம்பலாமா என்று கேட்கிறது. ஃபோனுக்குள் சில்லோடு புதைந்த ஒரு சாவி, இயங்குதளத்தை ஏற்றிவைக்கும் பூட்லோடர் பூட்டியிருக்கிறதா, எந்த இயங்குதளம் ஏறியிருக்கிறது என்று கையெழுத்திட்டுச் சொல்கிறது. அந்த இயங்குதளம் கூகுள் சான்றளித்த பட்டியலில் இல்லையென்றால் தேர்ச்சி இல்லை. தேர்ச்சியில் படிநிலைகள் உண்டு. மேல்படிக்கு அண்மைத் திருத்தங்களையும் இப்போது கேட்கிறார்கள், கீழ்ப்படியில் அத்தையின் ஃபோன் தேறிவிடும். வங்கிகள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பூட்லோடர் திறந்த ஃபோன் திருடன் கையில் கிடைத்தால் ஆபத்து அதிகம். லினேஜ்ஓஎஸ் புதுப்பித்தாலும் மோடம் போன்றவற்றின் மூடிய நிரல் பழசாகவே கிடக்கும். ஆனால் கிராஃபீன்ஓஎஸ் என்று ஒன்று இருக்கிறது. பூட்லோடரைத் தன் சாவியால் மறுபடி பூட்டிக்கொள்கிறது, திருத்தங்களை உடனுக்குடன் தருகிறது, பாதுகாப்பில் வழக்கமான ஆண்ட்ராய்டைவிடக் கறாரானது என்று துறை வல்லுநர்களே மதிக்கிறார்கள். அதற்கும் தேர்ச்சி இல்லை. அப்படியானால் அளப்பது பாதுகாப்பையா, சான்றிதழையா? இதில் இன்னொரு முரண், கிராஃபீன்ஓஎஸ் இதுவரை கூகுளின் பிக்சல் ஃபோன்களில் மட்டுமே ஓடிவந்திருக்கிறது. தேவையான வன்பொருள் வசதியையும், வேறு இயங்குதளத்தைப் போட்டு மறுபடி பூட்டும் உரிமையையும் சேர்த்துத் தருகிறவை அவைதான். கூகுளிடமிருந்து தப்பிக்கக் கூகுளின் கடைக்கே போக வேண்டும்.

ஐரோப்பாவில் இது ஓர் எரிச்சல். இந்தியாவில் ஆண்ட்ராய்டு நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல், யுபிஐயில் 2025 ஆகஸ்டில் மட்டும் 2,000 கோடிப் பரிவர்த்தனைகள். டீக்கடையில் பத்து ரூபாய் கொடுக்கவும் ஃபோனை நீட்டுகிற ஊரில் வங்கிச் செயலி ஓடாத ஃபோன் பாதி ஃபோன்தான். மோசில்லாவுக்கு வாட்ஸ்அப் எப்படியோ, இன்றைய மாற்றுகளுக்குப் பணச் செயலி அப்படி. ஒரு வித்தியாசம் உண்டு. வாட்ஸ்அப் ஒரு தனியார் நிறுவனத்தின் வணிக முடிவு. யுபிஐ பொதுக் கட்டமைப்பு. ஃபோன் அடிப்படைத் தகுதிகளை நிறைவுசெய்தபின்பே செயலி இயங்க வேண்டும் என்பது 2021இல் ரிசர்வ் வங்கி தந்த நெறிகளின் சாரம். அந்தத் தகுதியை அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவுசெய்வது என்பது வங்கிகள் தேர்ந்த சுலப வழி.

ஒரு நாடு தனக்கென ஒன்றை உருவாக்க இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமும் சீனாவிடமும் இரண்டு மாதிரிகள் இருக்கின்றன. 2023 ஜனவரியில் சென்னை ஐஐடியின் பிரவர்த்தக் அறக்கட்டளையில் அடைகாக்கப்பட்ட ஜண்ட்கே ஆபரேஷன்ஸ் நிறுவனத்தின் பார்ஓஎஸ் அறிமுகமானது. சில நாட்களில் மத்திய அமைச்சர்கள் இருவர் அதைச் சோதித்துப் பார்க்கும் படங்கள் வந்தன. உள்நாட்டு இயங்குதளம் என்றார்கள். அடித்தளம் ஆண்ட்ராய்டின் அதே திறந்த மூலநிரல்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்கூட்டியே திணித்த செயலிகள் இல்லை என்பதும், நிறுவனங்கள் தாமே நடத்தும் செயலிக் கிடங்கு என்பதும் நல்ல யோசனைகள். ஐஐடி இயக்குநர் காமகோடி, சக்தி என்ற திறந்த வடிவச் செயலாக்கிச் சில்லுத் திட்டத்தை நடத்தியவர், ஆக வன்பொருள் பூட்டைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் பார்ஓஎஸ் கடையில் போய்க் கேட்டு வாங்கும் ஃபோனாக வரவில்லை. பாதுகாப்பு கறாரான அலுவலகங்களுக்கென்றே அதைப் பேசினார்கள். சி-டாக் சென்னையில் உருவான பாஸ் லினக்ஸ் நினைவுக்கு வருகிறது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்று அந்த மாணவர்களைக் கேட்டாலே தெரியும்.

ஹுவாவே கதை வேறு. 2019 மே மாதம் அமெரிக்கா அதைத் தடைப்பட்டியலில் சேர்த்ததும் கூகுள் சேவைகள் அறுந்தன. ஆகஸ்டில் ஹார்மனி ஓஎஸ்ஸை அறிவித்தது. தொடக்கப் பதிப்புகள் ஆண்ட்ராய்டுச் செயலிகளை ஓட்டின. 2024இல் வந்த 'நெக்ஸ்ட்' பதிப்பு ஆண்ட்ராய்டு நிரலை முழுதாக உதறியது. இது சாத்தியமானது, சீனாவில் கூகுள் சேவைகள் முன்பே கிடையாது என்பதால். வீசாட், அலிபே போன்றவை அங்கே கூகுளின் சான்றை எதிர்பார்த்து நிற்கவில்லை. அடித்தளப் பகுதியை 'ஓபன்ஹார்மனி' என்று ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். பயனர் கையில் இருப்பதோ ஹுவாவேயின் பூட்டிய ஃபோன். மாற்று முடியும் என்று காட்டியதற்காகப் பாராட்டலாம், சுதந்திரம் என்று அதை அழைக்க என்னால் முடியவில்லை.

இந்தப் பக்கம் கதவு குறுகிக்கொண்டும் வருகிறது. 2025 மார்ச்சில் கூகுள், ஆண்ட்ராய்டின் வளர்ச்சிப்பணி முழுவதையும் உள்ளேயே செய்து பதிப்பு முடிந்தபின் நிரலை வெளியிடப்போவதாக அறிவித்தது. ஜூனில் ஆண்ட்ராய்டு 16 வந்தபோது, பிக்சல் ஃபோன்களுக்கான சாதனக் கோப்புகள் வழக்கம்போல் கூட வரவில்லை. அவற்றை வைத்தே பிழைத்த திட்டங்கள் திண்டாடின. ஆகஸ்டில் இன்னும் பெரிய அறிவிப்பு: சான்றளித்த ஆண்ட்ராய்டு ஃபோன்களில், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வந்தாலும்கூட, அடையாளம் காட்டிப் பதிந்த நிரலாளரின் செயலியைத்தான் நிறுவ முடியும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில் தொடங்கிப் பிறகு மற்ற நாடுகளுக்கு என்பது திட்டம். 2010 முதல் கட்டற்ற செயலிகளை மட்டும் சேர்த்துத் தரும் எஃப்-டிராய்டு, இது தன் இருப்பையே கேள்விக்குள்ளாக்குகிறது என்றது. எதிர்ப்புக்குப் பிறகு அனுபவசாலிகளுக்கு ஒரு தனி வழி விடுவதாகக் கூகுள் சொன்னது. மோசடிச் செயலிகளால் பணம் இழந்தவர்களை முன்வைத்தே இந்த ஏற்பாடு பேசப்படுகிறது. அந்த இழப்பு உண்மை. ஆனால் 'சான்றளித்த ஃபோனில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். லினேஜ்ஓஎஸ் ஃபோனில் இந்த விதி செல்லாது. விரும்பிய செயலியைப் போடும் உரிமை வேண்டுமா, வங்கிச் செயலி வேண்டுமா என்று ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை இதனால் வருகிறது.

எதிர்காலம் எப்படி என்று கேட்டால், புதிதாக ஓர் இயங்குதளம் வந்து கால்பங்குச் சந்தையைப் பிடிக்கும் என்று நான் நம்பவில்லை. நம்பிக்கை தரும் இடங்கள் சிறியவை, சலிப்பூட்டும் சட்டப் பிரிவுகளில் ஒளிந்திருப்பவை. ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் புதிய விதி: ஒரு மாடலின் விற்பனை முடிந்தபின்னும் ஐந்து ஆண்டுகள் இயங்குதளத் திருத்தம் தர வேண்டும். அப்படித் தர வேண்டியிருந்தால் மூடிய டிரைவர்களைக் கட்டி இழுப்பதைவிட லினக்ஸின் மூல மரத்தில் சேர்ப்பது தயாரிப்பாளருக்கே மலிவாகலாம். அது நடந்தால் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்காரர்கள் இரவு விழித்துச் செய்யும் வேலையில் பாதியைச் சில்லு நிறுவனங்களே செய்துவிடும். சான்றளிப்பிலும் வழி இருக்கிறது. ஃபோனின் சில்லுச் சாவி கையெழுத்திட்டுச் சொல்வதைக் கூகுளின் சேவையைக் கேட்காமல் நேரடியாகச் சரிபார்க்கும் வசதி ஆண்ட்ராய்டிலேயே உண்டு. கிராஃபீன்ஓஎஸ் தன் சாவிகளை வெளியிட்டுவைத்திருக்கிறது, ஒரு வங்கி மனம்வைத்தால் அவற்றைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். சில வங்கிகள் சேர்த்துமிருக்கின்றன. கட்டளையிட வேண்டியது ரிசர்வ் வங்கியா, தேசியப் பணப்பரிமாற்றக் கழகமா, போட்டி ஆணையமா என்பதில் வாதம் இருக்கலாம். அதற்குப் புது நிரல் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

அப்படிப்பட்ட நெகிழ்வு நம் அமைப்புக்குப் புதிதும் அல்ல. 2022 மார்ச்சில் தொடங்கிய யுபிஐ 123பே, பொத்தான் ஃபோனிலிருந்து பணம் அனுப்ப வழி செய்தது. அந்த ஃபோனில் பிளே இன்டெக்ரிட்டி இல்லை, பாதுகாப்புத் திருத்தம் இல்லை, யாருடைய சான்றிதழும் இல்லை. ஆபத்து உண்டு என்று தெரிந்து, கதவைச் சாத்துவதற்குப் பதிலாகத் தொகைக்கு ஒரு வரம்பு வைத்தார்கள். முதலில் 5,000 ரூபாய். 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அதை 10,000 ஆக்கியது. மாதாமாதம் திருத்தம் வாங்கும் என் லினேஜ்ஓஎஸ் ஃபோனுக்கு இன்றைய வரம்பு பூஜ்யம்.